பூசணம் பட்ட கடன்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சவரியம்மாள் முதன்முதலில் சொன்ன கதை இது.

அந்தக் காலத்தில் கொடிக்கும் வாய் உண்டு. பூசணத்துக்கும் வாய் உண்டு. வெயில் எட்டிப் பார்க்கவே தயங்கும் குளிர்மலைச் சரிவொன்றில், வெண்ணி என்பவள் தன் கையால் நட்ட ஒற்றைத் திராட்சைக் கொடியைப் பிள்ளைபோல் வளர்த்தாள். அதன் மதுவோ பல் கூசும் புளிப்பு.

"வெண்ணி, உன் மதுவில் மீன் குழம்பு வைக்கலாம், குடிக்க முடியாது!" என்று சிரித்த அண்ணன் வேளன், சட்டென்று முகம் மாறினான். "இம்முறையும் புளித்தால் கொடியை வெட்டிவிட்டுச் சாமை விதைப்பேன்."

நிலம் அவனுடையது. இனிப்பு ஏறட்டும் என்று வெண்ணி பறிப்பைத் தள்ளிப்போட்டாள். அதற்குள் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிற்று. எல்லாத் தோட்டங்களிலும் விரட்டப்பட்ட சாம்பல் பூசணம் அதனோடு வந்து, கொடியின் காலடியில் ஒடுங்கிற்று.

"தாயே, தொண்டை வறள்கிறது. தண்ணீர் கொடு."

"உன்னைத் தொடவிட்டால் என்னை வெட்டிவிடுவார்களே!"

"தண்ணீரை மட்டும் கடனாகக் கொடு. இனிப்பில் கைவைக்க மாட்டேன். வாங்கியதை மதுவாகத் திருப்பித் தருவேன்."

கொடிக்கு மனம் கேட்கவில்லை, பழங்களை நீட்டிற்று.

விடிந்ததும் வேளன் அரிவாளோடு வந்தான். பழங்கள் சுருங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தன. வெண்ணி குறுக்கே நின்றாள்.

"அழுகிவிட்டது. விலகு!"

"அம்மா, நான் கொடுத்தது வெறும் தண்ணீர்தான். ஒன்றைச் சுவைத்துவிட்டு வெட்டச் சொல்," என்று கொடி விம்மிற்று.

"பைத்தியமா உனக்கு? துப்பு!" என்று வேளன் கத்துவதற்குள் வெண்ணி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலில் தேன். பிறகு ஆரஞ்சுத் தோலின் மணம். கடைசியில், அவள் இத்தனை காலம் வெட்கப்பட்ட அதே புளிப்பு வந்து, இனிப்பைத் திகட்டாமல் தாங்கிப் பிடித்தது. அண்ணன் வாயிலும் ஒன்றை வைத்தாள். அவன் அரிவாளைக் கீழே போட்டான்.

"இன்னொன்று கொடு."

"எதற்கு அண்ணா, மீன் குழம்புக்கா?"

அன்று முதல்தான் அக்குளிர்நாட்டார் பூசணம் பூக்கும்வரை காத்திருந்து பழம் பறிக்கிறார்கள். அந்த மதுவை விருந்தின் முடிவில், நாவில் நிறுத்தி, சொட்டுச் சொட்டாகச் சுவைக்கிறார்கள். தண்ணீரெல்லாம் பூசணம் குடித்தது போக மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் கடன் ஆண்டுதோறும் தவறாமல் தீர்கிறது: கொடி ஒன்றுக்குச் சிறு கிண்ணம் ஒன்று.