பதினோரு கிலோமீட்டர்

"லைட் எரிஞ்சப்புறமும் பதினோரு கிலோமீட்டர் ஓட்டியிருக்காருங்க, டீச்சர். நான் என்னன்னு எழுதறது?"

பொன்னுரங்கம் கேட்டது மெகருன்னிசாவிடம்.

வாரண்டியோடு விற்ற பழைய கார் பழுதானால், போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது இருவருக்கும் தொழில். வயதில் மெகருன்னிசா ஒன்பது வருஷம் சின்னவர். ஆனால் ஐம்பது வயதில் வேலை போய் வந்து நின்ற பொன்னுரங்கத்துக்கு, எஞ்சின் ஆயிலை விரலில் தொட்டுப் பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதனால் டீச்சர்.

வேறொரு காரின் திறந்த பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, மெகருன்னிசா முழுசாகச் சொல்லச் சொன்னார்.

கார் மாதேஷுடையது. மலைமேல் வீடு, ஊருக்கு ஒரே பஸ். மனைவிக்கு வாரம் இரண்டு நாள் அடிவார ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காகவே ஆறு மாத வாரண்டியோடு பழைய கார் ஒன்றை வாங்கினார். நாற்பதாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது வாட்டர் பம்ப் போய்விட்டது. எஞ்சின் சூடேறி, சிவப்பு விளக்கு எரிந்தது.

மாதேஷ் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி கேட்டில் நின்ற வண்டி பிறகு கிளம்பவே இல்லை.

பம்ப்புக்கு வாரண்டி உண்டு. விளக்கு எரிந்த பின்னும் ஓட்டிக் கெடுத்த எஞ்சினுக்குக் கிடையாது. இன்னொரு எஞ்சின் வாங்க மாதேஷால் ஆகாது. அறிக்கைப் படிவத்தில் கேள்வி ஒன்றுதான், 'ஆம்' என்றால் எஞ்சினும் கிடைக்கும்: 'நிறுத்தத் தகுந்த முதல் இடத்தில் வண்டி நிறுத்தப்பட்டதா?'

"குழந்தை?"

"பொண்ணுங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

மெகருன்னிசா நிமிர்ந்தார். பொன்னுரங்கம் போனில் ஒரு படத்தைக் காட்டினார். விளக்கு எரிந்த இடத்திலிருந்து மூன்றாவது கிலோமீட்டர், புளியமர நிழல், சமதரை.

"பத்து லாரி நிறுத்தலாங்க இங்க. பொய் எழுத எனக்குக் கை வராதுங்க, டீச்சர்."

"பொய் எழுத நானும் கத்துக்குடுக்கலையேண்ணே."

மெகருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு, பொன்னுரங்கத்தின் காரிலேயே ஏறி உட்கார்ந்தார். மலைக்கு விடச் சொன்னார்.

விளக்கு எரிந்த இடத்தில் பொன்னுரங்கம் வண்டியைத் திருப்பியதும், மெகருன்னிசா முன் சீட்டிலிருந்து இறங்கிப் பின் சீட்டில் போய்ப் படுத்தார்.

"உடம்புக்கு முடியலீங்களா?"

"பிரசவ வலி. ஓட்டுங்க."

பொன்னுரங்கம் சிரித்தார். பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை.

முதல் வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இரண்டாவது கிலோமீட்டரில் போனில் சிக்னல் போனது. மூன்றாவதில் புளியமரம் வந்தது. படத்தில் இருந்த அதே நிழல், அதே சமதரை. அவர் வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டரைப் போட்டார்.

மரத்தடியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடுகூட இல்லை.

கண்ணாடியில் பார்த்தார். மெகருன்னிசாவின் முகம் தெரியவில்லை. செருப்பில்லாத இரண்டு பாதங்கள் மட்டும் கதவை உதைத்தபடி தெரிந்தன.

இண்டிகேட்டரை அணைத்தார்.

வளைவுகள் போயின. ஒரு செக்போஸ்ட் பூட்டிக் கிடந்தது, அதுவும் போனது.

ஆஸ்பத்திரி கேட்டில் பிரேக் போட்டார்.

மெகருன்னிசா எழுந்து உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எதுக்கண்ணே இங்க நிறுத்துனீங்க?"

பொன்னுரங்கம் படிவத்தை மடியில் விரித்துவிட்டு, சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.