ஏழு குளம் தூரம்

அல்லி ஏரி வற்றிக்கொண்டே வந்தது. கரைச் சேறு வெடித்துவிட்டது. மிச்சமிருந்த மீன்கள் நடுவில் ஒரு குட்டையில் ஒடுங்கிக் கிடந்தன. தெற்கே வெகு தொலைவிலுள்ள மருதங்குளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பறவைகள் கூடிப் பேசின.

"போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் தலைவர் கூழைக்கடா.

"ஒரே பகல்!" என்றது வேகமாகப் பறக்கும் ஆலாப் பறவை. "போன வாரம்தானே அங்கிருந்து வந்தேன். விடிந்ததும் கிளம்பினேன், வெயில் சாயும் முன்னே இங்கே இறங்கிவிட்டேன்!"

எல்லோரும் சிறகடித்துக் கொண்டாடினார்கள். மங்கா என்ற நாரை மட்டும் பக்கத்தில் நின்ற மொட்டுவைப் பார்த்தாள். அவள் குஞ்சு மொட்டு பறக்கப் பழகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"வழியில் எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது, தம்பி?" என்று ஆலாவிடம் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? நான் எங்கேயும் இறங்கவே இல்லையே, அக்கா!"

மங்கா விடவில்லை. தெற்கிலிருந்து வந்த தாரா, கொக்கு, உள்ளான் என்று ஒருவர் விடாமல் விசாரித்தாள். மொட்டுவை ஏரியைச் சுற்றவிட்டு, எத்தனை சுற்றில் அவள் களைக்கிறாள் என்று பார்த்தாள்.

"ஏழு குளம். நாளுக்கு ஒரு குளம். ஏழு நாள்!" என்றாள்.

"ஏழு நாளா! நத்தைகூடப் போய்ச் சேர்ந்து குடித்தனம் நடத்திவிடுமே!" என்று சிரித்தது ஆலா.

"உனக்காகக் கூட்டம் காத்திருக்க முடியாதம்மா" என்றார் தலைவர்.

மறுநாள் கூட்டம் பறந்துவிட்டது. பின்னால் மங்காவும் மொட்டுவும் தனியாகப் புறப்பட்டார்கள்.

"சும்மா சும்மா திரும்பிப் பார்க்காதேம்மா, வந்துட்டுத்தான் இருக்கேன்!" என்றாள் மொட்டு.

மூன்றாம் நாள் மூன்றாம் குளத்தில் இறங்கினால், கூட்டம் முழுக்க அங்கே களைத்துக் கிடந்தது! தலைவரின் அலகு சேற்றில் படிந்திருந்தது.

"தலைவரே, மருதங்குளம் இதுதானா?" என்று கேட்டாள் மொட்டு.

ஆலா தலையைத் தொங்கப்போட்டது. "வரும்போது தென்காற்று முதுகைத் தள்ளியது. இப்போது அதே காற்று மூஞ்சியில் அடிக்கிறது. அதை நான் நினைக்கவே இல்லை."

"இந்தக் குளத்து மீனும் தீர்ந்துவிட்டது. அடுத்த தண்ணீர் எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது" என்றார் தலைவர்.

"எங்க அம்மாவுக்குத் தெரியும்!" மொட்டு கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

மறுநாள் முதல் மங்கா முன்னால் பறந்தாள். அவள் சொன்ன இடத்தில் ஒவ்வொரு குளமும் இருந்தது.

"உனக்குப் பயமே கிடையாதா, அம்மா?" என்று வழியில் கேட்டார் தலைவர்.

"பயந்து நடுங்கினேன், தலைவரே. அதனால்தான் எல்லாரையும் கேட்டு எண்ணி வைத்தேன்."

மங்கா கிளம்பிய ஏழாம் நாள் மருதங்குளம் பளபளத்தது. கரையிலிருந்த மீன்கொத்தி, "எத்தனை நாளில் வந்தீர்கள்?" என்று கேட்டது. ஆலா மொட்டுவைப் பார்த்தது.

மொட்டுதான் உரக்கச் சொன்னாள்: "ஏழு நாள்! ஒருத்தர்கூடக் குறையாமல்!"

கூட்டமாகப் போகிறவர்கள், பயண நேரத்தைக் கூட்டத்தின் மிகச் சின்னச் சிறகை வைத்தே கணக்கிட வேண்டும்.