செங்கமானேரியை மூன்று சுற்று

எனக்கு வீரபாகு அண்ணாச்சியத் தெரிஞ்சதே எலும்பு வார்டுலதான். பெயின்ட் அடிக்கையில சாரத்துலருந்து விழுந்து, காரை எலும்ப முறிச்சிட்டு நான் போய்ச் சேந்தப்ப, பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாரு. வலது கால் முழுசும் மாவுக்கட்டு. அதத் தூக்கிக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. வயசு அம்பத்தொம்பது. அவங்க ஊர் பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுற வேலை.

"தம்பி எங்கருந்து விழுந்தீரு?"ன்னு கேட்டாரு.

"ரெண்டாவது மாடி அண்ணாச்சி."

"அவ்வளவுதானா"ன்னாரு, எனக்காக வருத்தப்படுற மாதிரி.

எதிர்க்கட்டில்ல குற்றாலலிங்கம் சார். முப்பது வருசம் கணக்கு வாத்தியாரா இருந்தவரு. குளிக்கப் போன இடத்துல வழுக்கி இடுப்ப ஒடச்சுக்கிட்டாரு. யார் என்ன சொன்னாலும் மனசுக்குள்ள ஒரு தடவ கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டுத்தான் தலையாட்டுவாரு.

அண்ணாச்சி சம்சாரம் செம்பகவடிவு அக்கா தெனமும் பன்னெண்டரை பஸ்ஸுல தூக்குவாளியோட வருவாக. சோத்தப் பெசஞ்சு குடுப்பாக, முதுகத் தொடச்சு விடுவாக, மூணரை பஸ்ஸுக்குக் கெளம்பிருவாக. என்கிட்ட பேசுவாக, சிஸ்டர்கிட்ட பேசுவாக. அண்ணாச்சிகிட்ட மட்டும் ஒரு வார்த்த கெடையாது. மாட்டுக்குத் தவிடு வாங்கிட்டு ஒம்பது மணிக்குள்ள வாரேன்னு சொல்லிட்டுப் போன மனுசன், உச்சி வெயில்ல ஆம்புலன்ஸுல போறாருன்னு யாரோ வந்து சொன்ன நாள்லருந்து இப்படித்தானாம். நான் சொல்லுற இந்த மத்தியானம் பதினோராவது நாள்.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து சப்போட்டா தோல் உரிச்சிட்டு இருந்தாக. சார்தான் பேச்சத் தொடங்கினாரு.

"வேய் வீரபாகு, உமக்கு நெசமாவே காலு எப்படி ஒடிஞ்சுது?"

"போட்டியில சார். செங்கமானேரிக் குளத்தச் சுத்தி ஸ்கேட்டிங் போட்டி வச்சாம்லா."

"சக்கரம் வச்ச ஷூவா?"

"அதான். அதுலயும் இது பழைய மாடல் இல்ல. ஒரே வரிசையா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நாலு சக்கரம். எங்க குளமும் சின்னது இல்ல சார், வடக்க உள்ளவன் பாத்தா ஏரின்னுதான் சொல்லுவான். சுத்துப் பாதை பன்னெண்டு கிலோமீட்டரு. மூணு சுத்து. மெட்ராஸு, கோயம்புத்தூரு, பெங்களூருன்னு முந்நூறு பேரு வந்து நிக்கான்."

"முப்பத்தாறு கிலோமீட்டர்"ன்னு சார் பெருக்கிச் சொன்னாரு. "அதுல நீரு என்னத்துக்குப் போனீரு?"

"ட்ரம்முல தண்ணி வைக்கத்தான் போனேன். அங்க பாத்தா நூத்திப் பதினேழாம் நம்பர்காரன் வரல. அவன் ஷூ மட்டும் வந்து கெடக்கு."

"ஆள் வராம ஷூ எப்படி வே வரும்?"

"அவ்வளவு வேகமான ஷூ சார். அவனுக்கு முன்னாலயே வந்துட்டு."

வார்டுல ரெண்டு மூணு கட்டில்லருந்து சிரிப்பு வந்துச்சு. அண்ணாச்சி சிரிக்கல. ஓரக்கண்ணால தரையப் பாத்தாரு. அக்கா அடுத்த சப்போட்டாவ எடுத்தாக.

"மைக்குல நூத்திப் பதினேழு, நூத்திப் பதினேழுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எனக்கு மனசு கேக்கல. ஷூ ஏழாம் நம்பரு, எனக்கு ஒம்பது. ரெண்டு வெரல மடக்கி உள்ள வச்சுக்கிட்டு, அவன் நம்பர் அட்டைய முதுகுல குத்திக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போய்க் கோட்டுல நின்னேன். மணி ஒம்பது. விசில் அடிச்சான். முந்நூறு பேரும் விருட்டுன்னு போயிட்டான். நான் மட்டும் நிக்கேன். எனக்குத்தான் போகத் தெரியாதே. அந்நேரம் பின்னால ஒரு நாய் குலைச்சுது. பயத்துல வலது கால வச்சு ஒரே ஒரு தள்ளு. அந்த ஒரு தள்ளுல அஞ்சு கிலோமீட்டர்."

சார் தலையணைய முதுகுக்கு ஏத்தி வச்சுக்கிட்டாரு. "உராய்வுன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீரா?"

"இருந்துச்சு சார். மொத ரெண்டு கிலோமீட்டர் என்கூடத்தான் வந்துச்சு. பொறவு மூச்சு வாங்கிப் புளியமரத்தடியில உக்காந்துட்டு."

"சரி, மேல சொல்லும்."

"போற போக்குல முந்நூறு பேரையும் தாண்டிட்டேன். வேட்டி வேற காத்த வாங்கிக்கிட்டுப் பாய்மரம் கணக்கா இழுக்குது. மொத சுத்து முடிக்க எட்டு நிமிசம்."

"அப்ப மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வருது."

"நீங்க கணக்கு வாத்தியாரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் அதவிடக் கொஞ்சம் கூட இருக்கும்னு நெனச்சேன். ஏன்னா என் நிழலு பாதியிலயே கழண்டுட்டு. திரும்பிப் பாத்தா, அது பாட்டுக்குத் தனியா கரைமேல நடந்து வருது."

"நிழல் எப்படி வே கழலும்?"

"அதுக்கும் அம்பத்தொம்பது வயசாவுதுல்லா சார்."

இதுக்குப் பொறவு யாருக்கும் தூக்கம் வரல. கால் நல்லாருந்தவன் எல்லாம் அண்ணாச்சி கட்டிலச் சுத்தி வந்து நின்னான். ஊசி போட வந்த சிஸ்டரும் ட்ரேயக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க.

"ரெண்டாவது சுத்துல மடைப்பக்கம் போறேன், முன்னால ரோட்டக் காணோம். குழாய் பதிக்க வெட்டிப் போட்டிருக்கு. அறுவது அடி அகலம்."

"மொத சுத்துல அந்தப் பள்ளம் இல்லையா அண்ணாச்சி?"ன்னு நான் கேட்டேன்.

"இருந்திருக்கு தம்பி. வந்த வேகத்துல எனக்குத்தான் தெரியல. இந்தத் தடவ தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா பயம் வந்துருமே. கண்ண மூடிக்கிட்டுத் தாவிட்டேன். தாவுனவன் எறங்க மாட்டேங்கேன். அந்தரத்துல நிக்கேன். கீழ குளம் தெரியுது, அன்னா எங்க வீட்டு ஓடு தெரியுது, வாசல்ல இவ நின்னு ரோட்டப் பாக்கதும் தெரியுது. கூழைக்கடாக் கூட்டம் ஒண்ணு வந்துச்சு. அதுல ஒரு பறவ என் தோள்ல உக்காந்து, றெக்கையக் கோதி முடிச்சிட்டு எந்திரிச்சுப் போச்சு. அது போற காத்துல வேட்டி அவுந்துட்டு. சரி, எறங்கத்தான் நேரம் கெடக்கேன்னு, நல்லா உதறி, வேட்டிக்கரை நேரா வருதான்னு பாத்து, இறுக்கிக் கட்டினேன். அதுல ஒண்ணே முக்கா மணி நேரம் போயிட்டு."

சிஸ்டர் சொன்னாங்க: "அந்தரத்துல நின்னு வேட்டி கட்டினீங்களாக்கும். இங்க போர்வைய வெலக்குனாலே அந்தக் கத்து கத்துதீங்க."

சார் விடல. "அந்த முந்நூறு பேர்ல ஒருத்தனாவது இதப் பாத்தானா?"

"முந்நூறு பேரும் அண்ணாந்து பாத்தான் சார். வேட்டி அவுந்ததும் மரியாதையா கண்ண மூடிக்கிட்டான்."

சிரிப்பு அடங்க நேரமாச்சு. அப்பதான் நான் கவனிச்சேன். அண்ணாச்சி ஒவ்வொரு புளுகையும் சாருக்குத்தான் சொல்லுறாரு. ஆனா சொல்லி முடிச்சதும் அவர் கண்ணு போறது தரையில உக்காந்திருக்கிற அக்கா பக்கம். திட்டினாக்கூடப் போதும்னு இருந்தாரு போல. அக்கா உரிச்ச பழத்தத் துண்டு துண்டா தட்டுல வச்சு அவர் கைக்குக் கிட்ட தள்ளுனாக. வாயத் தொறக்கல.

அண்ணாச்சி ஒரு துண்ட வாயில போட்டுட்டு, கொஞ்சம் இறங்குன குரல்ல சொன்னாரு:

"எறங்குனது ரோட்டுல இல்ல, குளத்துக்குள்ள. ஆனா சக்கரம் சுத்துன சுத்துல என்னைய முழுகடிக்கத் தண்ணிக்கு நேரம் பத்தல. தாமர எல மேல டக்கு டக்குன்னு போறேன். விரால் மீனு துள்ளித் துள்ளி மடியில விழுது. கூட்டிப் பாத்தா பதினோரு கிலோ இருக்கும். கனத்துல வேகம் கொறஞ்சுது. மனசே இல்லாம ஒண்ணொண்ணா திருப்பி விட்டேன்."

"மீனையும் விட்டுட்டீரு, சாட்சியையும் விட்டுட்டீரு"ன்னாரு சார்.

"அதுக்கு வேற காரணம் இருக்கு சார். கரையேறி நிமிந்து பாத்தா கோயில் மணிக்கூண்டுல பதினோரு மணி. ஒம்பதுக்கு வாரேன்னு செம்பகத்துட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். மூணாவது சுத்துல போட்டி, பரிசு எல்லாம் மறந்துபோச்சு. இனி ஒரே வழிதான், மணியத் தாண்டி முன்னால போயிரணும். குனிஞ்சேன். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன். அப்படி ஒரு போக்கு. மேலத் தெருப் பக்கம் வாரேன், மணிக்கூண்டுல பத்தரை. பனங்காட்டுக்கிட்ட வாரேன், பத்து. சின்ன மடையத் தாண்டுறேன், ஒம்பதே கால். தாண்டி வந்த முந்நூறு பேரும் பின்பக்கமா ஓடி ஓடி அவனவன் இடத்துல போய் நிக்கான். கோட்டுக்கிட்ட நான் வந்து சேரயில மணி எட்டே முக்கால்."

யாரும் சிரிக்கல. சார்கூட விரல மடக்கிட்டு இருந்தவரு அப்படியே நிறுத்திட்டாரு.

"அங்க பாத்தா, கோட்டு மேல ஒரு ஆளு குனிஞ்சு ஷூ லேசு கட்டிக்கிட்டு இருக்கான். வேட்டிய மடிச்சுக் கட்டியிருக்கான். முதுகுல நூத்திப் பதினேழு. யாருன்னு நெனைக்கீங்க? நான்தான். நான் இன்னும் கெளம்பவே இல்ல. வெலகும் வே, வெலகும் வேன்னு சத்தம் போடுதேன். அவனுக்குக் காது கேக்கல. எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம்லா, அவனும் அந்தப் பக்கத்தத்தான் காட்டிக்கிட்டு நிக்கான். எனக்கோ பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியாது. நேரா போயி என் மேலயே மோதிட்டேன். அதுல ஒடிஞ்சதுதான் சார் இந்தக் காலு."

சொல்லி முடிச்சிட்டு அண்ணாச்சி தலையணையில சாஞ்சாரு.

பொறவு குற்றாலலிங்கம் சார் கண்ணாடியக் கழத்தித் தொடச்சு மாட்டிக்கிட்டாரு. முப்பது வருசமா பையங்க கணக்குல தப்பக் கண்டுபிடிச்ச மொகம் அது.

"எல்லாம் சரி வே. மோதுனவரு காலு ஒடிஞ்சு இங்க வந்துட்டீரு. லேசு கட்டிக்கிட்டு நின்ன அந்த இன்னொருத்தரு என்ன ஆனாரு?"

அண்ணாச்சி வாயத் தொறந்தாரு. மூடினாரு. சுத்தி நின்ன எல்லாரையும் ஒரு தடவ பாத்தாரு. சார் மெதுவா கைய மார்புல கட்டிக்கிட்டாரு.

"அவுக வீட்டுலதான் இருக்காக."

சொன்னது செம்பகவடிவு அக்கா. தோலையெல்லாம் காகிதத்துல சுருட்டிக்கிட்டே, யாரையும் பாக்காம சொன்னாக.

சார் கேட்டாரு, "யாரும்மா?"

"அந்த இன்னொருத்தவுக. அன்னைக்கு ஒம்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டாகளே. தெனமும் அவுகளுக்குச் சோறு போட்டுட்டுத்தான் நான் இங்க பஸ் ஏறுதேன்."

அண்ணாச்சி படுத்த இடத்துலயே நிமிந்தாரு. காலக் கட்டின கயிறு ஆடுச்சு. பதினோரு நாளா காத்திருந்த குரல் கேட்டுருச்சுன்னு மொகத்துல ஒரு வெளிச்சம். ஆனா அந்தக் குரல் சொன்ன சேதி உள்ள எறங்க எறங்க, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா வேற மாதிரி ஆச்சு.

"ஏட்டி, அவன் அங்க என்ன செய்யுதான்?"

"காலம்பற எந்திரிச்சு மாட்டக் குளிப்பாட்டுதாக. கடைக்குப் போன்னா போறாக, வான்னா வாராக. நேத்து அம்மிய நகத்திப் போட்டுக் குடுத்தாக."

"எங்க படுக்கான்?"

"கட்டில்லதான். பாவம், கொறட்ட கூடக் கெடையாது."

சார் மொகத்தச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாரு. அவர் தோள் குலுங்குறது எனக்குத் தெரிஞ்சுது. இடுப்பு வலியில "ஐயோ, அம்மா"ன்னு ஒரு முனகல் வேற.

"சிஸ்டர்"ன்னு அண்ணாச்சி கூப்பிட்டாரு. "டாக்டர்ட்ட சொல்லி என்னைய இன்னைக்கே அனுப்பி விடுங்க. வீட்டுல ஆள் இல்ல."

"அதான் இருக்காருன்னு சொல்லுதாங்களே"ன்னு சிஸ்டர் ஊசிய எடுத்தாங்க. "கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம் ஆகும்."

செம்பகவடிவு அக்கா தூக்குவாளிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சாக. முந்தானைய உதறிச் சொருகினாக. வாசல் வரைக்கும் போயி, திரும்பி நின்னு சொன்னாக:

"எலும்பு நல்லாக் கூடட்டும் சிஸ்டர். ஒண்ணும் அவசரமில்ல."