நாக்கைத் தூக்கச் சொல்லாத இரண்டு மாதம்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். அரசு மனநல மருத்துவமனையில், பெண்கள் வார்டில் அறுபத்திரண்டு பேர். பகலில் ஒரே நர்ஸ், எஸ்தர். மாத்திரையைக் கையில் கொடுத்தால் முடிந்துவிடாது. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கையும் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சார்ட்டில் டிக் போட வேண்டும். அங்கே சட்டமே அதுதான்.

அந்த அறுபத்திரண்டு பேரில் பேச்சியம்மாளிடம் மட்டும் எஸ்தர் அப்படிக் கேட்பதில்லை. தண்ணீர் டம்ளரோடு கட்டில் கட்டிலாகக் கூட வருகிறவளே அவள்தான். "ஏய் செல்லக்கிளி, நாக்கைத் தூக்குட்டீ. சிஸ்டருக்கு இடுப்பு ஒடியுதுல்லா!" என்று மற்றவர்களை அதட்டுவாள். முன்பெல்லாம் அவள் கையில் டம்ளர் தளும்பும். இப்போது ஒரு சொட்டுச் சிந்துவதில்லை. எஸ்தருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

நான்கு வருடமாக எட்டிப் பார்க்காத பேச்சியம்மாளின் அண்ணன் மாடசாமிக்கு டாக்டர் கடிதம் போட்டார்: உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள், வந்து கூட்டிப் போங்கள். ஆச்சரியம், அவரும் வந்துவிட்டார். வாசலில் ஆட்டோ நின்றது.

வார்டுச் சேலையைத் திரும்ப வாங்கும்போது முந்தியில் ஒரு முடிச்சு. எஸ்தர் அவிழ்த்தாள். அன்று காலை கொடுத்த மாத்திரை, பாதி கரைந்து கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமாச்சு சிஸ்டர். அதைப் போட்டா கை நடுங்குது. இப்ப நல்லாத்தான இருக்கேன்? சொல்லிராதீங்க. எங்க அண்ணன் இன்னொரு தடவ வராது."

வீட்டுக்குப் போனபின் நோய் திரும்பினால்? எஸ்தர் நேராக டாக்டரிடம் போனாள். "சார், இவ மாத்திரையைத் துப்பியிருக்கா. ரெண்டு மாசமா நம்மள ஏமாத்தியிருக்கா."

டாக்டர் டிஸ்சார்ஜை நிறுத்திவிட்டார். அண்ணனிடமும் காரணத்தைச் சொன்னார்.

"உங்களையே ஏமாத்துறவ என்னைய விடுவாளா? சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு சார்," என்றார் மாடசாமி. தனியாக ஆட்டோ ஏறினார். அதற்கப்புறம் போனையும் எடுக்கவில்லை.

மறைத்தவள் பேச்சியம்மாள். சொன்னவள் எஸ்தர். விட்டுவிட்டுப் போனவர் மாடசாமி. யோசித்துச் சொல்லுங்கள், மூன்று பேரில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தர் என்பீர்கள். டாக்டரிடம் சொன்னது சரிதான். ஆனால் பாதியைத்தானே சொன்னாள்! வாயைப் பார்க்காமலே இரண்டு மாதம் டிக் போட்டதை முழுங்கிவிட்டாள். அதையும் சொல்லியிருந்தால், "தப்பு எங்க மேலயும் இருக்கு, கொஞ்ச நாள் பார்த்துட்டு அனுப்புறோம்" என்று டாக்டர் அண்ணனைச் சமாதானப்படுத்தியிருப்பார். எஸ்தர் மெமோவுக்குப் பயந்தாள். ஏமாற்றுக்காரி என்ற பெயர் பேச்சியம்மாளுக்கு வந்தது. ஆக, ஒருத்தர் செய்ததும் சரியில்லை.

இப்போது பேச்சியம்மாள் யாரும் கேட்காமலே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். கையில் டம்ளர் தளும்புகிறது. எஸ்தர் குனிந்து டிக் போடுகிறாள். இப்போதும் அவள் அந்த வாயைப் பார்ப்பதில்லை.