செல்லுமா, செல்லாதா?

சாப்பாட்டை நினைத்தாலே வெறுத்துப்போகிற நோய் உள்ளவர்களை அடையாளம் காண, டாக்டர் எழில்மதி வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழில் எழுதிவைத்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடினார். தாண்டவன், மரியசூசை, கோமதிநாயகம் என மூவர் கிடைத்தார்கள். தங்கமான மனுஷர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அதுதான் கோளாறு.

"இது நம்ம ஊர்ல செல்லுமான்னு பார்க்கணும். ஒரே ஆளை மத்தியானமும் சாயங்காலமும் கேளுங்க. பதில் மாறக்கூடாது" என்றார் டாக்டர்.

மூவரும் பஸ் ஏறி, கண்டக்டரிடம் கேள்வித்தாளை நீட்டினார்கள்.

"இது செல்லாது, இறங்குய்யா!"

டீக்கடையில் நீட்டினார்கள். கடைக்காரர் வாங்கி, அதிலேயே வடையை மடித்துக் கொடுத்தார்.

"பஸ்ல செல்லல. டீக்கடையில செல்லுது. என்னன்னு எழுத?" என்றான் தாண்டவன்.

கோமதிநாயகம் வெகுநேரம் யோசித்தான். "வடை உள்ள இடத்துல செல்லும்னு எழுது."

அடுத்து, தையற்காரர் பஞ்சாட்சரத்தைப் பிடித்தார்கள். விருந்துச் சாப்பாட்டை முடித்துவிட்டு வேட்டியைத் தளர்த்திப் படுத்திருந்தார்.

"அண்ணாச்சி, சாப்பாட்டை நினைச்சாலே வெறுப்பா இருக்கா?"

"ஆமாப்பா. இனி ஒரு பருக்கை இறங்காது."

சாயங்காலம் மறுபடி போய் அதையே கேட்டார்கள்.

"வெறுப்பா? இடியாப்பம் எப்ப வேகும்னு உக்காந்திருக்கேன்!"

பதில் மாறிவிட்டது! மூவரும் வாசலில் நின்று கூடிப் பேசினார்கள்.

"மத்தியானம் வயிறு நிறைஞ்சிருந்துச்சு. மறுபடி நிறைச்சா பழைய பதில் வந்துரும்" என்றான் மரியசூசை.

இடியாப்பம் முழுவதையும் ஊட்டினார்கள். "போதும்ப்பா" என்றார் பஞ்சாட்சரம்.

"போதும்னு மத்தியானம் சொல்லலையே, அண்ணாச்சி!"

அவர் மனைவி கரண்டியோடு விரட்டுவதற்குள் பக்கத்து வீட்டுத் தோசையும் உள்ளே போயிருந்தது. கடைசியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஒரு பருக்கை இறங்காது!" என்று அலறினார். மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு அவரை ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

"இவருக்கு என்னய்யா ஆச்சு?"

"கேள்வித்தாள் அருமை, டாக்டரம்மா" என்றான் தாண்டவன் பெருமையோடு. "நோய் இல்லாத ஆளுக்கே வரவழைச்சிருச்சு!"

டாக்டர் அவருக்கு மருந்து கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு மூவரின் பக்கம் திரும்பினார். "அந்தத் தாளையெல்லாம் எடுத்துட்டுப் போய்த் தூரப் போடுங்க!"

தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் எல்லையில் நின்று பார்த்தால், அதற்கப்பாலும் தூரம் இருந்தது. அங்கே போனால், இன்னும் கொஞ்சம் தூரம். கடைசியாக அவர்களைப் பார்த்தது ராமேஸ்வரத்தில். கடற்கரையில் ஒரு படகுக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்:

"அண்ணே, அந்தா வானம் கடலைத் தொடுதே, அதுவரைக்கும் கொண்டுபோய் விடுங்க. போட்டுட்டு உடனே வந்துருவோம்."