எழுவாயும் பயனிலையும்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் தாண்டவராயர் என்று ஒரு சீடர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இலக்கணத்தில் புலி. மடத்தில் யார் என்ன எழுதினாலும் அவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். ஒரு ஒற்று தப்பினால் போதும், எழுதியவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படி வாங்கிக் கட்டிக்கொள்வான்.

மடத்துக்குத் தலைவி ஞானாம்பாள் அம்மை. தாண்டவராயரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாடம் முடித்த சீடருக்கு அம்மை ஒரு கதை சொல்வார். கதைக்கும் அதில் வருகிற மனிதர்களுக்கும் சீடர் தன் மறுமொழியை எழுதிவந்து படிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் சபையில் உட்கார்ந்து உரை சொல்ல அனுமதி.

தாண்டவராயரின் முறை வந்தபோது, மடத்து வாசலில் அவருடைய தம்பி சபாபதி உட்கார்ந்திருந்தான். மடியில் துணி சுற்றிய கலயம். அதில் அவர்கள் தாயின் சாம்பல்.

தாய் கைகால் விழுந்து படுத்த வருஷம்தான் தாண்டவராயர் இலக்கணம் படிக்க மடத்துக்கு வந்தார். தாயைப் பார்த்துக்கொண்டது சபாபதி. பிறகு ஊரில் வாந்திபேதி பரவியது. தெருவே காலியானது. தாய்க்கும் கண்டதும் சபாபதி பயந்து ஓடிவிட்டான். மனசு கேட்காமல் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். வைத்ததோ வெட்டியான்.

காலையில் தாண்டவராயர் குளிக்கப் போகும்போதெல்லாம் அவன் எழுந்து நிற்பான்.

"அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லு. சொன்னாத்தான் இத நான் ஆத்துல கரைப்பேன். இல்லேன்னா எனக்குக் கை வராது."

தாண்டவராயர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போவார்.

அன்று அம்மை கதை சொன்னார். சின்னக் கதை.

"ஆற்றோரம் ஒரு வீடு. எழுந்து நடக்க முடியாத தாய். ஒரு மகன். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவன்தான். ஒரு நாள் ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. மகன் ஓடினான். தாய் போய்ச் சேர்ந்தாள். வெள்ளம் வடிந்த பிறகு மகன் வந்து வாசலில் உட்கார்ந்தான். உள்ளே போகவில்லை. அவ்வளவுதான்."

யாரை நினைத்துச் சொன்ன கதை என்று தாண்டவராயருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதினார். அத்தனை நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் அன்று வழிந்தது. எழுதியதைக் கொண்டுபோய்ப் படித்தார்.

"அவன் தாய்க்குச் சோறு ஊட்டினான். அவன் தாயைக் குளிப்பாட்டினான். வெள்ளம் படியேறியதும் அவளைக் கட்டிலோடு விட்டுவிட்டு அவன் ஓடினான். ஊட்டிய சோறெல்லாம் அந்த ஓட்டத்தில் மண்ணாயிற்று. அவன் மகன் அல்லன். அவன் உட்கார அந்த வாசலிலும் இடம் இல்லை."

அம்மை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிழை உண்டா அம்மா?"

"ஒன்றும் இல்லை. ஒரு வேலை மட்டும் செய்யும். 'அவன்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்று போட்டு எழுதி வாரும்."

"வினைமுற்று எல்லாம் மாற வேண்டியிருக்குமே."

"உமக்கா நான் இலக்கணம் சொல்லித்தர வேண்டும்?"

தாண்டவராயர் சிரித்துக்கொண்டே போனார். இது ஒரு வேலையா? பாலபாடம் படிக்கிற பிள்ளைகூடச் செய்யும்.

உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. முதல் வரியிலேயே கை கூசியது. தண்ணீர் குடித்தார். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வழியாக எழுதி முடித்தார். மறுநாள் அம்மையின் முன் போய்ப் படித்தார். முதல் நாள் இருந்த குரல் அவரிடம் இல்லை.

"நான் தாய்க்குச் சோறு ஊட்டினேன். நான் தாயைக் குளிப்பாட்டினேன். வெள்ளம் படியேறியதும் அவளைக் கட்டிலோடு விட்டுவிட்டு நான் ஓடினான். ஊட்டிய சோறெல்லாம் அந்த ஓட்டத்தில் மண்ணாயிற்று. நான் மகன் அல்லேன். நான் உட்கார..."

"நில்லும்," என்றார் அம்மை. "வெள்ளம் வந்த வரியை இன்னொரு தரம் படியும்."

"வெள்ளம் படியேறியதும் அவளைக் கட்டிலோடு விட்டுவிட்டு நான் ஓடினான்."

"இன்னொரு தரம்."

"வெள்ளம் படியேறியதும் அவளை..."

தாண்டவராயர் நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. 'அல்லேன்' என்று நுணுக்கமாக எழுதத் தெரிந்த கை, பச்சைக் குழந்தைகூடச் செய்யாத பிழையைச் செய்திருந்தது.

"கைப்பிழை அம்மா. எழுவாய் தன்மை, பயனிலை படர்க்கை. எப்படி விட்டேன் என்றே தெரியவில்லை. இதோ மாற்றிவிடுகிறேன்."

பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். மேலே 'ஓ' என்று எழுதினார். 'டி' என்று எழுதினார். அதற்கு மேல் கை நகரவில்லை.

"அம்மா," என்றார் மெதுவாக, "நான் ஓடவில்லை. அவள் செத்தபோது நான் அந்த ஊரிலேயே இல்லை."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வெளியே யாரோ சபாபதியிடம், "வெயில் ஏறுதே, நிழலுக்கு வாங்களேன்," என்று சொல்வது கேட்டது. அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

தாண்டவராயர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பிழை எங்கே அம்மா?"

அம்மை தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார்.

"சோறு ஊட்டிய இடத்தில் நீர். குளிப்பாட்டிய இடத்தில் நீர். ஓடுகிற இடத்துக்கு மட்டும் தம்பியை அனுப்பிவிட்டீரே."