ராஜாவுக்கு மூச்சு வாங்கிய படிக்கட்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டி நொண்டி நடந்தபோதுதான் மனுஷருக்கு ஞானம் பிறந்தது.

"நடக்க முடியாதவர்களும் கண் தெரியாதவர்களும் என்ன பாடுபடுவார்கள்! அவர்கள் குறைகளைச் சொல்ல ஓர் ஆலோசனைச் சபை அமையுங்கள்" என்று மந்திரி மதுரநாயகத்துக்கு உத்தரவிட்டார்.

மந்திரியும் அமைத்தார். யாரை வைத்து? தன் மைத்துனன்மாரை வைத்து! வேலைவெட்டி இல்லை என்பதைத் தவிர அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

பாய் முடைகிற சடைச்சிக்குக் கால் நடக்காது. அரண்மனைக் களஞ்சியத்தில் ஏழைகளுக்கு நெல் அளப்பார்கள். படியேற முடியாத அவளுக்கு ஒரு மணிகூடக் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் சபையில் ஓர் இடம் கேட்டாள். விகடகவி கொண்டப்பன் அவளுக்காகப் பேசப் போனான்.

மந்திரி சிரித்தார். "தாராளமாக வரட்டும். ஆனால், பிறர் உதவியின்றி, சபை கூடும் மேல்மாடம் ஏறி வருபவருக்கே சபையில் இடம். மன்னரின் முத்திரை விழுந்துவிட்டது. வேண்டுமானால் நீரே படியடியில் காவல் நில்லும்!"

ராஜா வழக்கம்போல் படிக்காமலே முத்திரை குத்தியிருந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, இல்லையா?

மறுநாள் ராஜா சபைக்குப் பல்லக்கில் வந்தார். கொண்டப்பன் கோலை நீட்டி மறித்தான்.

"இறங்குங்கள் பிரபு. பிறர் உதவியின்றி ஏறுபவருக்கே சபையில் இடம் என்று முத்திரையிட்ட உத்தரவு இருக்கிறது."

"அடேய், அந்த உத்தரவு யாம் இட்டது!"

"அதனால்தான் பிரபு, மீற அடியேனுக்குத் துணிவில்லை."

ராஜா கோபத்தோடு இறங்கி ஏறினார். தொந்தி ஒரு பக்கம், பட்டாடை ஒரு பக்கம். நாலைந்து படிதான், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மந்திரி பதறி ஓடினார்.

"கை கொடுக்காதீர்! மன்னருக்கு இடம் போய்விடும்" என்றான் கொண்டப்பன்.

இடம் கேட்டு வந்து படியடியில் உட்கார்ந்திருந்த சடைச்சிக்குப் பொறுக்கவில்லை. "மகாராசா, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லம்மா" என்றார் ராஜா, மூச்சிரைத்துக்கொண்டே.

"மேல ஏற முடியலன்னா என்னங்க, சபையக் கீழ கூட்டிட்டாப் போச்சு."

ராஜா அவளைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தனை மைத்துனர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே!"

கொண்டப்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. சபை கீழே கூடியது, சடைச்சியையும் அவளைப் போன்றவர்களையும் வைத்து. அவள் கேட்டபடி களஞ்சியத்துக்குச் சரிவுப்பாதை போட மைத்துனன்மார் மண் சுமந்தார்கள். அந்த அறுவடையில் முதல் மரக்கால் நெல் சடைச்சியின் மடியில் விழுந்தது.

ஒரு சரிவுப்பாதைக்கு ராஜாவே மூச்சிரைக்க வேண்டியிருந்தது, போங்கள்!